பொதுவழி

"இந்த நாட்டிலை எங்களைப் போலை ஆக்கள் போய்ப் பார்க்க என்ன இருக்கு, மாஸ்ரர்?" என்று எங்கள் தொடர்மாடியில் வசிக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்கு வயது எழுபத்தாறு. வலிகாமம் வடக்கிலே தோட்டஞ் செய்தவர். மகளின் குடும்பத்துடன் இலண்டனில் வாழத் தொடங்கிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. நீரிழிவுக்கு மருந்து எழுதிய வைத்தியர் நாள்தோறும் அரைமணி நேரமாவது நடக்க வேண்டும் என்று கூறியிருக்கிறார். பெரியவர் எங்கே நடக்கிறார் என்று நினைக்கிறீர்கள்? பெருங்கடை ஒன்றின் உள்ளே! தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, அரிசி அடுக்கிய வரிசையிலிருந்து சவர்க்காரம் அடுக்கிய வரிசை வரைக்கும் போவார், திரும்பி வருவார். எதுவும் வாங்குவதில்லை. தெருவிலே நின்றால் யாராவது ஏதாவது கேட்பார்கள், கடைக்குள் நிற்பவனை ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள் என்பது அவருடைய நியாயம்.

கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தபோது, நான் மட்டும் எந்த வகையில் உயர்ந்துவிட்டேன் என்று தோன்றியது. 2000ஆம் ஆண்டிலே இந்நாட்டில் வந்து இறங்கினேன். இரவெல்லாம் எரிபொருள் நிரப்பு நிலையத்தில் வேலை; பகலில் உறக்கம். அகதி விண்ணப்பம், சட்டத்தரணி, வதிவிட அனுமதி, வீட்டுக் கடன் என்று காலம் கழிந்தது. ஓய்வு கிடைத்த நாள்களில் கோயில், திருமண மண்டபம், அரங்கேற்றம், உறவினர் வீடு. நம்மிற் பெரும்பாலோர் அறிந்த இங்கிலாந்து இவ்வளவுதான். ஒரு மணி நேரப் புகையிரதப் பயணத் தொலைவில் மலையும் காடும் ஆறும் இருக்கின்றன என்பதை அறிந்துகொள்ள எனக்குப் பதினேழு ஆண்டுகள் சென்றன.

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கீரிமலைக்குப் பெயரில்தான் மலை உண்டு. அங்கே நாம் கண்டவை கேணியும் கடலுமே. வகுப்பிலே ஐந்திணை கற்பிக்கும்போது, குறிஞ்சி என்றால் மலையும் அதனை அடுத்த நிலமும் எனக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், மாணாக்கரின் முகங்கள் வெறுமையாக இருக்கும். நெய்தலும் மருதமும் அவர்களுக்குக் கண்ணாற் கண்ட நிலங்கள். குறிஞ்சியோ பரீட்சைக்குப் பாடம் பண்ணிய சொல். உண்மையைச் சொன்னால், கற்பித்த எனக்கும் அது ஏட்டறிவாகவே இருந்தது.

நான் சொல்ல வந்த மலை, இலண்டனுக்குத் தெற்கே சறே மாவட்டத்தில் டோர்க்கிங் நகருக்கு அருகில் உள்ள பொக்ஸ் ஹில். 'பொக்ஸ்' என்பது பெட்டியைக் குறிப்பதன்று. அம்மலைச் சரிவில் இயற்கையாக வளரும் ஒரு சிறுமரத்தின் பெயர். அதன் வைரம் நீரில் இட்டால் மிதக்காமல் அமிழும் அளவுக்குக் கனமானது. படங்களை அச்சிடுவதற்கு மரக்கட்டையிற் செதுக்கிய காலத்தில் அதற்கு மிகுந்த கிராக்கி இருந்தது. மலையின் உயரம் 224 மீற்றர். பிதுருதாலகால 2,524 மீற்றர் என்பதை நினைத்தால் இது மலையா, மேடா என்று கேட்கத் தோன்றும். ஆனால் யாழ்ப்பாணத்தவனுக்கு இது மலையே. சறே குன்றுகள் 1958ஆம் ஆண்டு முதல் இயற்கை வனப்புக்காகச் சட்டத்தினாற் காக்கப்படுகின்றன. மலையடிவாரத்திலேயே சிறிய புகையிரத நிலையம் ஒன்றும் உண்டு.

சென்ற ஆண்டு புரட்டாதிச் சனிக்கிழமை ஒன்றில் பெரியவர், அவருடைய பன்னிரண்டு வயதுப் பேத்தி, என் துணைவியார், நான் ஆகிய நால்வரும் புறப்பட்டோம். சனி விரதம் ஆதலால் புளிச்சாதமும் எள்ளுருண்டையும் கட்டிக்கொண்டோம். சுடுதண்ணீர்ப் போத்தலிலே தேநீர். பெரியவர் கோயிலுக்குப் போகும் சப்பாத்தை அணிந்து, கழுத்துப்பட்டியும் கட்டியிருந்தார். "அதிகாரி ஆரும் வந்தால் மரியாதையா இருக்கும்" என்றார்.

நிலையத்திலிருந்து மேற்குப் புறமாகச் சற்றுத் தூரம் சென்றால் டென்பீஸ் என்னும் திராட்சைத் தோட்டம் வருகிறது. 1986ஆம் ஆண்டிலே கொடி நடத் தொடங்கிய அது, இன்று இந்நாட்டின் பெரிய திராட்சைத் தோட்டங்களுள் ஒன்று. அத்தோட்டத்திற்கு ஊடாகவே ஒரு நடைவழி மேலேறிப் போகிறது. முதலில் அதிலே சிறிது நடந்துவிட்டுப் பின்னர் மலைக்குப் போவோம் என்பது என் திட்டம். பெரியவரோ வழியின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"இது ஆற்றை காணி, மாஸ்ரர்?"

"தோட்டக்காரற்றை காணிதான், அண்ணை."

"அப்ப நாங்கள் உள்ளுக்கை போகேலாது. கண்டால் வில்லங்கம். பிள்ளையளுக்கும் பிரச்சினை வரும்."

வா என்று நான் கையைப் பிடித்தால் வந்திருப்பார். ஆனால் மனம் வந்திராது. என்ன சொல்வதென்று நான் தடுமாறிய வேளையில் அவருடைய பேத்தி முன்னே ஓடி, வழியோரத்து மரக்கட்டை ஒன்றிலே பதித்திருந்த அம்புக்குறியைத் தொட்டுக் காட்டினாள்.

"அம்மப்பா, இதைப் பாருங்கோ. இந்த அடையாளம் இருந்தால் ஆரும் நடக்கலாம். காணி அவையின்ரை. வழி எல்லாருக்கும். பள்ளிக்கூடத்திலை சொல்லித் தந்தவை."

முப்பது மாணாக்கர் கொண்ட வகுப்பிலே நான் இத்தனை தெளிவாக ஒரு பாடத்தைச் சொல்லியிருப்பேனோ தெரியாது. அந்தச் சிறுமி சொன்னதை இப்பத்தியின் வாசகர்களுக்குச் சற்று விரித்துரைப்பது என் கடமை. நம்மவர் நாட்டுப்புறத்துக்குப் போகாமல் இருப்பதற்குக் குளிரும் மழையும் மட்டும் காரணங்கள் அல்ல. 'இது யாருடைய இடமோ, எங்களை விடுவார்களோ' என்ற அச்சமே முதற் காரணம்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் பொதுவழிகள் இரண்டு இலட்சம் கிலோமீற்றருக்கும் மேல் ஓடுகின்றன. வயலுக்கூடாகவும், காட்டுக்கூடாகவும், சில இடங்களில் ஒருவரது வீட்டு முற்றத்தை ஒட்டியும் அவை செல்லும். 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி உள்ளூராட்சி மன்றங்கள் அவற்றை வரைபடத்திற் குறித்துவைத்தன. மஞ்சள் அம்புக்குறி நடப்போருக்கு உரியது. நீல அம்புக்குறி இட்ட வழியிலே குதிரையிலும் துவிச்சக்கர வண்டியிலும் செல்வோருக்கும் உரிமை உண்டு, நடப்போருக்கும் உண்டு. இவ்வழியிற் செல்ல அனுமதி கேட்க வேண்டியதில்லை, பணம் கட்ட வேண்டியதில்லை, குடியுரிமை காட்ட வேண்டியதில்லை. காணிக்காரர் நினைத்தவாறு அதனை மூடவும் இயலாது. மூடுவதற்குச் சட்டப்படி ஆணை பெற வேண்டும். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. பொதுமக்கள் யாரிடமும் கேளாமல், ஒளிவுமறைவின்றி, தடைப்படாமல் இருபது ஆண்டுகள் ஒரு வழியால் நடந்து வந்திருந்தால், அது பொதுவழியாக விடப்பட்டதென்றே கொள்ளப்படும். அத்தகைய எண்ணம் தமக்கு இருந்ததில்லை என்பதைக் காணிக்காரர் காட்டினாலன்றி அது மாறாது.

இவ்வுரிமைகள் எல்லாம் தாமாகக் கனிந்து விழுந்தவை அல்ல. வடக்கே கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம் செல்வந்தரின் வேட்டைக்காக அடைக்கப்பட்டிருந்தது. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் திகதி, மான்செஸ்ரர் முதலிய நகரங்களின் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் திரண்டு, தடையை மீறி அங்கே நடந்தார்கள். ஐவர் சிறை சென்றனர். முன்னின்று நடத்திய பெனி றொத்மன் என்னும் இருபது வயது இளைஞர், உருமேனியாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பமொன்றின் பிள்ளை. நாம் இன்று நடக்கும் வழிகளுக்காகச் சிறை சென்றவர்களுள் புலம்பெயர்ந்தோரின் மகன் ஒருவனும் இருந்தான் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

நிற்க. பெரியவர் அம்புக்குறியைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், பின்பு கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நூறு அடி சென்றதும் அவர் அகதியல்லர், தோட்டக்காரர். வரிசை வரிசையாகக் கம்பியிலே படரவிட்ட கொடிகளைக் கண்டு, "எங்கடை பக்கம் பந்தல் போட்டெல்லோ விடுறது" என்றார். ஊரிலே திராட்சையும் வைத்தவர். குந்தியிருந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கற்கள். "மேலை எங்கடை செம்மண் இல்லை. அடியிலை உதே சுண்ணாம்புதான். இஞ்சை கிணறு வெட்டினாலும் கல்லுக்கு வெடி வைக்க வேணும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அவர் சொன்னது முழுவதும் சரியே. இக்குன்றுகள் யாவும் வெண்கட்டிக் கற்கள். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கடலொன்றிலே வாழ்ந்த, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியவை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் இதனிலும் இளையது. எனினும் அதுவும் கடலின் பிள்ளையே. இரண்டும் மழைநீரை மேலே தங்கவிடாமல் உள்ளே வாங்கிக்கொள்வன. நமது குடாநாட்டில் பேராறு இல்லாமற் போனதும், நிலாவரைக் கிணறு ஆழங்காணாத வியப்பாக நின்றதும் இக்கல்லின் இயல்பினாலேதான். இங்கே மலையடியில் ஓடும் மோல் ஆறும் அவ்வாறே. கடுங் கோடைகளில் அதன் நீர் கற்றுளைகளால் நிலத்துக்குள் இறங்கிவிட, சில இடங்களில் படுகை வெறிதாகக் கிடக்கும். ஆண்டுக்கணக்காக வெண்கட்டி பிடித்து எழுதிய கை என்னுடையது. அந்த மலையின் மேலேயே நான் நின்றுகொண்டிருக்கிறேன் என்பதை உணர்ந்தபோது உடம்பு சிலிர்த்தது.

பேத்தி குலையொன்றை நோக்கிக் கை நீட்டினாள். "பிடுங்காதை, பிள்ளை" என்றார் பெரியவர். "வழிதான் பொது. பழம் உழைச்சவன்ரை." சட்டப் புத்தகம் எழுதியவரும் இதனை இத்தனை சுருக்கமாகச் சொல்லியிருக்கமாட்டார்.

பின்னர் கீழிறங்கி, பெருஞ்சாலையைக் கடந்து ஆற்றங்கரைக்குச் சென்றோம். அங்கே ஆற்றைக் கடப்பதற்குப் பாலம் போல வரிசையாகப் பதினேழு கற்கள் இட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகக் காலெடுத்து வைத்துக் கடக்க வேண்டும். வெள்ளம் மிகுந்த காலத்திற் கடக்க முடியாது. அண்மையிலேயே நடைபாலம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஜேர்மனியப் படை இறங்கிவிடும் என்ற அச்சத்தினால் அக்கற்களை அகற்றிவிட்டார்கள். 1945இல் போர் முடிந்தது. மறு ஆண்டே, 1946இல், புதிய கற்கள் இடப்பட்டன. உள்துறை அமைச்சராக இருந்த சூட்டர் ஈட் தமது கொடையாக அவற்றை வழங்கினார். பிரதம மந்திரி அற்லி நேரில் வந்து திறந்துவைத்தார். நாடு முழுவதும் குண்டு விழுந்து, உணவுப் பங்கீடு நடந்த காலம் அது. பிரதம மந்திரிக்கு எத்தனையோ வேலைகள் இருந்திருக்கும். ஆயினும் மக்கள் நடந்த வழியைப் போருக்காக எடுத்தோம், போர் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இதனை நான் பெரியவருக்குச் சொன்னேன். அவர் ஒன்பதாவது கல்லில் நின்றபடி கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அக்கரையிலிருந்து படிகளால் ஏற்றம். மூச்சு வாங்கும், ஆனால் அவசரப்படுத்துவார் யாருமில்லை. பெரியவர் பத்துப் படிக்கொரு தடவை நின்றார். பீச் மரங்களின் இலைகள் பொன்னிறம் கொள்ளத் தொடங்கியிருந்தன. எதிரே வந்த வெள்ளைக்காரத் தம்பதியர் புன்னகையோடு வணக்கம் கூறினார்கள். நகரத்துத் தெருவிலே ஏறெடுத்தும் பாராதவர்கள் மலைவழியிலே முகமன் கூறுவது இந்நாட்டு வழக்கம். பெரியவர் பிற்பகல் ஒரு மணிக்கு "குட் மோர்ணிங்" என்றார். அவர்கள் மகிழ்ச்சியோடு அதனை ஏற்றுக்கொண்டு போனார்கள்.

உச்சியிலே வட்டமான கல்மேடை ஒன்று உண்டு. லியோப்போல்ட் சாலமன்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டியது. அவர் இம்மலையிலே 230 ஏக்கரை விலைக்கு வாங்கி, 1914ஆம் ஆண்டிலே தேசிய நம்பிக்கை நிதியத்திடம் மக்களுக்காகக் கொடுத்தார். அங்கிருந்து பார்த்தால் டோர்க்கிங் நகரும், அதற்கப்பால் வயலும் காடும், தெளிந்த நாளில் நெடுந்தொலைவிலே தென்குன்றுகளும் தெரியும். அக்காட்சியில் நாங்கள் மூழ்கியிருந்தபோது தலைக்கு மேலே விமானம் ஒன்று இரைந்தது. கற்விக் விமான நிலையம் அருகில்தான். என் துணைவியார் சட்டென்று என் கையைப் பற்றிக்கொண்டார். அவருடைய கண்கள் மரங்களுக்கிடையே பதுங்குவதற்குப் பள்ளம் தேடின. ஒரு கணந்தான். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில், மழை இரவிலே, கைக்குழந்தையோடு செம்மணி வழியாக நடந்தவர் அவர். அதன்பின் 'நடை' என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. விமானம் தன் வழியே போயிற்று. அவர் கையை விடாமலே, "சாப்பாட்டை எடுங்கோ, பிள்ளைக்குப் பசிக்கும்" என்றார்.

உண்டு முடித்துத் தேநீர் அருந்துகையிற்றான் பெரியவர் வாய் திறந்தார்.

"மாஸ்ரர், இருபது வருசம் நடந்தால் வழி சனத்தின்ரை எண்டு சொன்னீங்கள் என்ன?"

"ஓம், அண்ணை. இந்த நாட்டுச் சட்டம் அப்பிடி."

"எங்கடை ஒழுங்கையாலை நான் பிறக்க முன்னமே சனம் நடந்தது. கோயிலுக்குப் போறதும் அதாலைதான். பள்ளிக்கூடம் போறதும் அதாலைதான்."

1990ஆம் ஆண்டிலே அவ்வூர் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்று முட்கம்பி இட்டார்கள். போர் 2009இல் முடிந்தது. அதன்பின் காணிகள் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டன; அவருடைய ஒழுங்கை அவற்றுள் அடங்கவில்லை. ஒருமுறை ஊருக்குப் போனபோது கம்பிவேலிக்கு இப்புறம் நின்று, தம் வீட்டுப் பனைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பினாராம். பிறந்த மண்ணிலே தம் ஒழுங்கையில் நடக்க இயலாத ஒருவர், அந்நிய மண்ணிலே பிறருடைய தோட்டத்துக்கூடாக உரிமையோடு நடந்து வந்து அமர்ந்திருக்கிறார். அதனை நன்மை என்று மகிழ்வதா, கொடுமை என்று நோவதா? எனக்கு விடை தெரியவில்லை. இரண்டும் உண்மை என்று மட்டும் சொல்ல முடிகிறது. ஆனால் ஒன்று எண்ணினேன். வழி என்பது மக்களுடையது என்ற நியாயத்தை, அது நடைமுறையில் இருக்கும் ஒரு நாட்டிலே கால் நடந்து கண்ட பிள்ளை, நாளை நம் ஊர் வழிகளைப் பற்றிப் பேசும்போது தெளிவோடு பேசுவாள். அதற்காகவேனும் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். நல்ல அடி பிடிக்கும் சப்பாத்து அவசியம். வெண்கட்டி நிலம் நனைந்தால் வழுக்கும். காற்சட்டை கணுக்கால் வரை மூடியிருக்கட்டும். புல்லிலும் பற்றையிலும் உண்ணிகள் உண்டு. வீடு திரும்பியதும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வட்டம் பரவினால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். காளானையும் காட்டுப் பழங்களையும் தெரியாமல் உண்ண வேண்டாம். சிவந்த பழம் கொண்ட யூ மரம் அங்கே மிகுதி. அதன் விதை நஞ்சு. ஆடுமாடு மேயும் நிலத்திலே படலையைத் திறந்தால் மூடுங்கள். நம்மூர்க் கடப்பைப் போலவே ஏறிக் கடக்கும் படிகளும் வேலிகளில் உண்டு. தீ மூட்டலாகாது. ஐப்பசிக்குப் பின்னர் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். திரும்பும் புகையிரத நேரத்தை முன்னரே பார்த்து வையுங்கள். மற்றொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபிக்க வேண்டாம். கடற்கரைக்கு மூன்று வான்களிற் போய், கறியும் சோறும் உண்டு, காகிதத் தட்டுகளை அங்கேயே விட்டுவரும் வழக்கம் நம்மிற் சிலருக்கு உண்டு. பொது என்பதற்கு யாருக்கும் உரியதன்று என்பது பொருளன்று. நமக்கும் உரியது என்பதே பொருள். கொண்டுபோன பையிலேயே குப்பையைக் கொண்டுவாருங்கள்.

வெளியூர்களில் வாழ்வோர் பொக்ஸ் ஹில்லைத் தேடி வர வேண்டியதில்லை. எந்த நகரத்துக்கும் அருகே ஒரு பொதுவழி இருக்கும். நூல்நிலையத்திலே வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். நாம் அவர்களுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுப்பதுபோல அவர்கள் நமக்கு இதனைச் சொல்லித் தரட்டும்.

இறங்கி வரும் வழியில் படலை ஒன்று குறுக்கிட்டது. நாங்கள் கடந்து வந்துவிட்டோம். பெரியவர் மட்டும் திரும்பிப் போய், கொளுக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். தம் சொந்தத் தோட்டத்துப் படலையை அவர் அவ்வாறுதான் இழுத்துப் பார்த்திருப்பார்.

மறு திங்கட்கிழமை காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையிலே ஒரு பழைய பை. "மாஸ்ரர், அந்த வரைபடத்தை ஒருக்காத் தாருங்கோ. பிள்ளையோடை இருந்து பாக்க வேணும்" என்றார். கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.